சகலை வார்த்த ஈயம்

கொட்டகையின் கூரைத் தகரத்தில் ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தது. துளித்துளியாக, கீழிருந்து மேலே பெய்த மழையைப் போல.

"மேலே பாரு" என்றார் தராசு.

வால் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தான். பார்த்ததைச் சொல்வதற்குள் அவர் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவரிடம் சேர்ந்த நாள் முதல் அவன் வயிற்றில் எரிந்துகொண்டிருக்கும் அடுப்பில் இன்னொரு விறகு விழுந்தது.

தராசு என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. எடையளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து, கடைக்காரர்களின் படிக்கற்களைப் புரட்டிப் புரட்டி, அடியில் குடைந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்தே ஓய்வுபெற்ற அம்மையாருக்குச் சந்தை வழங்கிய பட்டம் அது. ஓய்வுக்குப் பின் படிக்கற்களை விட்டுவிட்டு மனிதர்களைப் புரட்டிப் பார்க்கும் தொழிலுக்கு வந்தார். வால் அவருடைய உதவியாளன். துப்பறிவாளருக்குப் பின்னாலேயே போவதால் வந்த பெயர் என்று வெளியாரிடம் சொல்லிக்கொள்வான். அவன் நடக்கப் பழகிய வாரத்திலேயே அவனுடைய அம்மா அந்தப் பெயரை வைத்துவிட்டார் என்பது வேறு செய்தி. நாற்பதை நெருங்கும் வயதில் அவனுக்கு ஓர் ஆசைதான் மிச்சம்: ஒரு வழக்கில், ஒரே ஒரு வழக்கில், அவருக்கு முன்னால் தான் கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்காக அவரைப் போலவே மெதுவாக நடந்தான். அவரைப் போலவே சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்தான். அவரைப் போலவே கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்புறம் இருக்குமாறு கட்டிக்கொண்டான். மூளை மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

"இங்கதான் மேடம் நின்னுக்கிட்டிருந்தாரு" என்றாள் அவர்களை அழைத்து வந்த பெண்மணி.

அவள் டயர் கடைக்காரரின் மனைவி. இந்த வீட்டின் கீழ்த்தளத்துக்காரி. மேல்தளத்தில் இருப்பவள் அவளுடைய உடன்பிறந்த தங்கை. தங்கையின் கணவர் பஸ் டிரைவர். ஒரே வீட்டில் அக்காவும் தங்கையும், அவர்களை மணந்த சகலைகள் இருவரும். நேற்றுக் காலைவரை இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே ஒரு மாடிப்படிதான் இருந்தது. இப்போது அந்தப் படியில் ஒரு வழக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.

டயர் கடைக்காரருக்குத் தூண்டில் போடுவதில் பித்து. தூண்டில் நரம்பைத் தண்ணீருக்குள் இழுத்துப் பிடிக்கும் ஈயக் குண்டுகளை அவர் காசு கொடுத்து வாங்குவதில்லை. சக்கரம் ஆடாமலிருக்க அதன் விளிம்பில் அடிக்கும் ஈயத் துண்டுகள், பழசானதும் அவருடைய கடையில் வாளி வாளியாகச் சேரும். அவற்றைக் கொல்லைக் கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றி, தாமே வார்த்துக்கொள்வார். நேற்றுக் காலை அப்படி ஊற்றியபோது அச்சு வெடித்தது. உருகிய ஈயம் கூரைவரை தெறித்தது. வலக்கையையும் ஒரு கண்ணின் ஓரத்தையும் பதம் பார்த்தது. கண் பிழைத்துவிடும் என்று மருத்துவர் இன்று காலையில்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

"ஒரு சொட்டுத் தண்ணி போதும் மேடம். கொதிக்கிற ஈயத்துக்கு அடியில மாட்டிச்சுன்னா ஆவியாகி மொத்தத்தையும் தூக்கி எறிஞ்சிடும். அவரே ஆயிரம் தடவை சொல்லுவாரு. அச்சை மெழுகுவத்திப் புகையில கறுப்பாக்கி, அடுப்போரம் வச்சுச் சூடாக்கி, அப்புறம்தான் கரண்டியையே தொடுவாரு. அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறவரோட அச்சுல தண்ணி எப்படி வரும்?"

"நீங்களே சொல்லுங்க."

"மேல இருக்காரே, அவரு. கொல்லைக் குழாய்ல நின்னு வண்டி கழுவிக்கிட்டிருந்தாரு. இத்தனை நாள் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு கூப்பிட்ட வாய் மேடம் இது. இவரும் ஆஸ்பத்திரியில அதையேதான் சொல்றாரு. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து புகாரை எழுதி வாங்கப் போறாரு. வெறும் சந்தேகம் பத்தாதாம், ஏதாவது ஆதாரம் வேணுமாம். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"புகார் பதிவானா அவர் வேலை என்னாகும்?"

"போகும். கேஸ் இருக்கிற ஆளுகிட்ட பஸ்ஸைக் குடுப்பாங்களா? போகட்டும். எங்களுக்குக் கண்ணே போகப் பார்த்துச்சு."

வால் தொண்டையைக் கனைத்தான். "அவருக்கும் இவருக்கும் அப்படி என்ன பகை?"

"ஏரியில வருஷா வருஷம் தூண்டில் போட்டி நடக்கும். வருஷா வருஷம் அவருதான் ஜெயிப்பாரு. கோப்பையெல்லாம் மாடிப்படி வளைவுல அடுக்கி வச்சிருக்கா என் தங்கச்சி. வீட்டுக்குள்ள இடமில்லையாம். இவரு காலையில வண்டி எடுக்கும்போது அதுங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்."

"அப்போ வயிறு எரிய வேண்டியது உங்க வீட்டுக்காரருக்கு. ஜெயிக்கிறவன் எதுக்குத் தோக்கிறவன் அச்சுல தண்ணி ஊத்தறான்?" என்றான் வால்.

"வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி. இவரு புதுசா தூண்டில் ராடு வாங்கியிருக்காரு. இந்தத் தடவை கோப்பை கைமாறிடும்னு பயம்" என்றாள் அக்கா, அடித்துப் பேசும் வழக்கறிஞரின் வேகத்தோடு.

தராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலுக்கு அதுவே தருணம். கொட்டகையின் பின்புறம் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் விளக்கு எரிந்தது.

"மேடம், குழாயிலேர்ந்து வர்ற ரப்பர் டியூப் நேரா இந்த ஜன்னலுக்குக் கீழதான் கிடக்குது. ஆளு உள்ள வரவே வேண்டாம். ஜன்னல் வழியா ஒரு பீச்சு. முடிஞ்சுது கதை."

தராசு ஜன்னலைச் சுட்டினார். அதன் சட்டத்தில், மூலைக்கு மூலை, ஒரு சிலந்திவலை அப்பழுக்கில்லாமல் நின்றிருந்தது. வலையில் பூச்சிகள் இருந்தன, தூசி இருந்தது, கிழிசல் இல்லை.

"இதைப் பின்னினவங்களைக் கேட்டுட்டு வா, தண்ணி எப்போ போச்சுன்னு."

வால் சிலந்தியை ஒரு கணம் முறைத்தான். எட்டுக் கால் இருக்கும் ஒரு ஜீவனுக்குக் கூட இந்த வழக்கில் தன்னைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட எத்தனை அச்சு இருக்கு?" என்று கேட்டார் தராசு.

"ஒண்ணுதான். அலுமினியத்துல செஞ்சது. கத்தரிக்கோல் மாதிரிப் பிடி வச்சது."

"அது எங்க?"

அக்கா சுவரைக் காட்டினாள். காட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. ஆணியில், புகைக்கரி படிந்து, உலர்ந்து, ஒரு கீறலும் இல்லாமல், அலுமினிய அச்சு தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ வெடிச்சது எது?"

தரையில் கிடந்தவை வெள்ளைச் சில்லுகள். எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி உறையவைத்த அச்சின் சில்லுகள். வால் குனிந்து அவற்றில் பெரியதை எடுத்தான். அதன் நடுவே பேரிக்காயை நெடுக்கில் பிளந்ததுபோல ஒரு குழி. குழியின் ஒரு பக்கத்தில், மிளகு பதிந்ததுபோல இன்னொரு சின்னக் குழி. சில்லு கைக்கு இன்னும் ஈரக் குளிர்ச்சியாக இருந்தது. அதில் புகைக்கரி ஒரு பொட்டுக்கூட இல்லை.

அக்கா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். "இது அவரோட குண்டு. பக்கத்துல மரு மாதிரி ஒண்ணு துருத்திக்கிட்டிருக்கும், ஏரிக்கரையில எல்லாருக்கும் தெரியும். பார்த்தீங்களா மேடம்? ஈரமான தன் அச்சைக் கொண்டாந்து இவரு அச்சு இருந்த இடத்துல வச்சிருக்காரு. இதைவிட ஆதாரம் என்ன வேணும்?"

வாலுக்கும் அதே கேள்விதான். தராசு அந்தச் சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மாடிப்படியை நோக்கி நடந்தார்.

*

கதவைத் தங்கை பாதி திறந்தாள். பாதி திறந்த கதவில் முழுக் கோபமும் நின்றது.

"அக்கா அனுப்பினாளா? வாங்க. செருப்பை வெளியில விடுங்க. கொலைகாரங்கன்னாலும் நாங்க வீட்டைச் சுத்தமா வச்சிருக்கோம்."

"யாரும் சாகலையேம்மா" என்றான் வால்.

"அதுலதான் அவளுக்குக் குறை. சின்ன வயசுலேர்ந்தே எனக்குக் கிடைச்சதுல அவளுக்கு ஒரு கண்ணு. பொம்மையா இருந்தாலும் சரி, புருஷனா இருந்தாலும் சரி."

"உள்ள கூப்பிடு" என்றது பின்னாலிருந்து ஒரு கனத்த குரல். டிரைவர் பெரிய உருவம். வேலைக்குப் போகாத நாளில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவராய் மேசையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே தேநீர், ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

தராசு கைக்குட்டையை விரித்துச் சில்லை மேசைமேல் வைத்தார். தங்கை குனிந்து பார்த்தாள். வால் முன்பே பார்த்ததை மறுபடி குனிந்து பார்த்தான். டிரைவர் தராசின் முகத்தைப் பார்த்தார்.

"உங்க அச்சு எங்க சார்?"

அவர் எழுந்து சென்று அலமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் மாவு அச்சுதான். ஆனால் கல்போல இறுகி, உட்புறம் மெழுகுவத்திப் புகையில் கறுத்திருந்தது. இரண்டு பாதிகளும் முழுசாக இருந்தன, ஒரு பாதியில் குழியோரம் மிளகளவு சில்லு பெயர்ந்திருந்ததைத் தவிர.

"போன கோடையில செஞ்சது மேடம். கரைச்சு ஊத்திட்டு மொட்டை மாடியில போட்டு மறந்துடணும். மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள ஈரம் உக்காந்திருக்கும். அவசரப்பட்டா ஆளையே தூக்கிடும்."

"இங்க எப்படிப் பேர்ந்துச்சு?"

"நான்தான் கைதவறிக் கீழ போட்டேன்" என்றாள் தங்கை. "அதுலேர்ந்து இவரு வார்க்கிற குண்டு எல்லாத்துக்கும் ஒரு மரு. கத்தியால சீவிடுங்கன்னா கேக்க மாட்டாரு. மீனு என்ன பொண்ணு பார்க்கவா வருதுன்னு சொல்லுவாரு."

டிரைவர் ஒரு குண்டை எடுத்துக் கொடுத்தார். வால் அதை உடைந்த சில்லின் குழியில் வைத்தான். வாளுக்கு உறைபோலப் பொருந்தியது. மருகூடத் தன் சின்னக் குழியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அப்போ இவருதான்னு எழுதிக் குடுக்கப் போறீங்க" என்றாள் தங்கை. அவள் குரலில் இப்போது குத்தல் இல்லை, பயம் இருந்தது. "பஸ்ஸை விட்டா இவருக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க."

"வெளியில நின்னு யோசிச்சுட்டு வர்றேன்" என்றார் தராசு.

*

மாடிப்படி வளைவில் கோப்பைகள் வரிசையாக மின்னின. தங்கை அவற்றைத் துடைத்துத் துடைத்தே சுவருக்கும் பளபளப்பு ஏறியிருந்தது. கீழே, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து நிமிர்ந்தால் வேறெதுவும் கண்ணில் படாது. டயர் கடைக்காரரின் ஒவ்வொரு காலையும் எப்படித் தொடங்கியிருக்கும் என்பது வாலுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது. அப்படியொரு கோப்பை அவனுக்கு முன்னாலும் நாள் முழுதும் நடமாடிக்கொண்டிருக்கிறதே.

"இன்ஸ்பெக்டர் வர இன்னும் நேரமிருக்கா?" என்றார் அந்தக் கோப்பை.

வால் மணிக்கட்டைத் திருப்பினான். தராசு அவன் கையையே பார்த்தார்.

"ஏன் நீ கடிகாரத்தை உள்பக்கமா கட்டியிருக்கே? பார்க்கும்போதெல்லாம் கேக்கணும்னு நினைப்பேன்."

"நீங்க அப்படித்தானே மேடம் கட்டறீங்க."

"நான் எங்க கட்டறேன்? என் பட்டையில ஓட்டை பெருசாகி லொடலொடன்னு ஆடுது. கனம் தாங்காம அதுவா உள்ளே திரும்பிக்குது. புதுப் பட்டை வாங்கணும்னு நினைச்சு நினைச்சு மறந்துபோறேன்."

வாலின் காது நுனி சுட்டது. இத்தனை காலம் அவன் பக்தியோடு கடைப்பிடித்து வந்த ஒரு நோன்பு, தளர்ந்த தோல்பட்டை என்று தெரிந்துவிட்டது. ரகசியம் அங்கேதான் இருக்கிறது என்று நம்பியல்லவா அதையும் விடாமல் எடுத்துக்கொண்டான். எது ரகசியம், எது பழுது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாததால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான், பழுதையும் சேர்த்து.

அவன் படியிலேயே நின்றுவிட்டான்.

"மேடம். அந்த மரு."

"என்ன மருவுக்கு?"

"தனியா ஒரு அச்சு செதுக்கறவன் மருவுக்கு எதுக்குக் குழி தோண்டப் போறான்? அது தானா வரணும்னா ஒரு குண்டை ஈர மாவுல அமுக்கி எடுத்திருக்கணும். டிரைவர்கிட்டதான் நல்ல அச்சு இருக்கே, அவரு எதுக்கு அமுக்கணும்? அச்சு இல்லாதவன்தான் அமுக்குவான்." வார்த்தைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. "டயர் கடைக்காரரேதான் மேடம். சகலை ஜெயிக்கிறது குண்டோட வடிவத்துலதான்னு நினைச்சிருக்காரு. மருவுலதான் சூட்சுமமோ என்னவோன்னு அதையும் விடலை. ஞாயித்துக்கிழமை போட்டி. காயறவரைக்கும் பொறுக்க முடியலை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிச்சுன்னு சொல்லுவாங்க; இந்தப் பூனை நிஜமாவே போட்டுக்கிச்சு."

"சரியா இருக்கு" என்றார் தராசு.

எடையளவு இலாகாவில் முத்திரை குத்துவதற்கு முன் சொல்லும் சொல் அது. அதற்குமேல் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வாலுக்கு அந்தக் கோப்பைகளெல்லாம் தன்னைப் பார்த்தே மின்னுவதுபோல் இருந்தது.

மின்னல் நீடிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர், மேலே ஏறியவாறே. "அமுக்கறதுக்கு ஒரு குண்டு வேணுமே. அது எங்க? கொட்டகையில இல்லை. அவரு கை வெந்து கிடந்தாரு, எடுத்து ஒளிக்க வழியில்லை. சத்தம் கேட்டு முதல்ல உள்ள ஓடினது யாரு?"

வாலுக்கு மறுபடி வயிறு எரிந்தது. பழக்கப்பட்ட எரிச்சல், இப்போது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

*

"என்னன்னு முன்னாடியே புரிஞ்ச பொருளை யாரும் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க" என்றார் தராசு டிரைவரிடம். "துண்டை நான் வச்சப்போ நீங்க என் முகத்தைத்தான் பார்த்தீங்க. எனக்கு எவ்வளவு தெரியும்னு பார்த்தீங்க. குடுங்க."

டிரைவர் ஆறிய தேநீரை ஓரமாகத் தள்ளினார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஓர் ஈயக் குண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மருவைச் சுற்றி வெள்ளை மாவு அப்பிக் காய்ந்திருந்தது.

"எனக்குக்கூடச் சொல்லலை நீங்க" என்றாள் தங்கை.

"சொன்னா நீ மாடிப்படியில நின்னு கத்துவே."

"கத்துவேன்தான்."

"வேலை போகுமேன்னு தோணலையா சார்?" என்றான் வால்.

"அப்போ அதெல்லாம் எங்க தோணுது? கதவைத் திறந்தா மனுஷன் கீழ கிடக்கிறாரு. கையெல்லாம் வெந்துபோச்சு. அந்த நிலைமையிலயும் அவரு பார்வை பலகைமேல இருந்த இந்தக் குண்டுமேலதான் இருந்துச்சு. நம்ம குண்டாச்சேன்னு பார்த்தேன், பக்கத்துல உடைஞ்ச மாவைப் பார்த்தேன், புரிஞ்சுபோச்சு. அண்ணி ஓடிவர்ற சத்தம் கேட்டுது. எடுத்துப் பையில போட்டுக்கிட்டு அவரைத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"அப்புறம் அவரே உங்கமேல பழி போடறாரு. அப்பவும் வாயைத் திறக்கலை."

"அதுதான் எனக்கும் புரியலை" என்றார் டிரைவர். "நான் எடுத்ததை அவரு பார்த்தாருங்க."

*

மருத்துவமனை வராந்தாவில் டிரைவரைக் கண்டதும் அக்காவின் முகம் சிவந்தது. "ஆதாரம் கிடைச்சுது; அவரும் இருக்கட்டும்" என்று தராசு சொன்னதும் தணிந்தது. டிரைவர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே இன்ஸ்பெக்டர் காகிதத்தை அட்டையில் செருகிக்கொண்டு கட்டிலருகே காத்திருந்தார். டயர் கடைக்காரரின் வலக்கை முழுதும் கட்டு. ஒரு கண்ணில் கட்டு. மிஞ்சியிருந்த கண், வந்தவர்களை ஒவ்வொருவராக எடைபோட்டது.

"நீயே சொல்லு" என்றார் தராசு.

வால் திடுக்கிட்டான். இந்த நாளுக்காக அவன் கண்ணாடிமுன் நின்று எத்தனையோ சொற்பொழிவுகளை ஒத்திகை பார்த்திருக்கிறான். அந்த ஒற்றைக் கண்ணைப் பார்த்ததும் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. மாவு அப்பிய குண்டை எடுத்து, அவருடைய இடக்கைக்குப் பக்கத்தில், போர்வைமேல் வைத்தான்.

"உங்க சகலை பையில இருந்துச்சு சார். மருவோட."

டயர் கடைக்காரர் குண்டைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

"என்னங்க அது?" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார். தராசு விரலை உயர்த்தி நிறுத்தினார்.

"ஏரியில அவன் நரம்பு அறுந்து, குண்டு தண்ணியில போயிடுச்சு" என்றார் டயர் கடைக்காரர், கூரையைப் பார்த்து. "எல்லாரும் போனப்புறம் இடுப்பளவு தண்ணியில இறங்கி, காலால தடவித் தடவி எடுத்தேன். கண்ணாடித் துண்டு குத்திச்சு. டயர்ல இருந்த ஆணி கால்ல குத்திச்சுன்னு உன்கிட்ட சொன்னேன்."

"அப்போ அந்த அச்சு…"

"நான்தான் செஞ்சேன். நான்தான் ஊத்தினேன். காயலைன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்குடுத்தவன் நான். மேல தொட்டேன், காஞ்ச மாதிரி இருந்துச்சு. மெழுகுவத்தியைத் தேடக்கூடப் பொறுமையில்லை. ஒண்ணே ஒண்ணு ஊத்திப் பார்த்துடலாம்னு கை அரிச்சுது."

அக்கா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு எதுக்குங்க அவருமேல சொன்னீங்க? நான் தங்கச்சியை என்னென்ன பேசினேன் தெரியுமா?"

"நான் கீழ கிடக்கிறேன். அவன் ஓடிவந்தான். குண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்போ சிரிச்சிருந்தான்னா விட்டிருப்பேன். திருட்டுப் பயலேன்னு திட்டியிருந்தான்னா காலுல விழுந்திருப்பேன். ஒண்ணும் சொல்லலை. எடுத்துப் பையில போட்டுக்கிட்டான். என் மானத்தைக் காப்பாத்தறானாம். நல்லவனா இருக்கிறதுலயும் அவனேதான் முதல்ல வரணுமா? அதைத் தாங்க முடியலை சார். கண்ணு எரிச்சலைத் தாங்கிட்டேன். அதைத் தாங்க முடியலை."

வால் தன்னையறியாமல் தராசின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அறையில் இருந்தவர்களில் அந்த மனிதரை முழுதாகப் புரிந்துகொண்டவன் தான் ஒருவனே என்று அவனுக்குத் தோன்றியது. பெருமைப்பட வேண்டிய விஷயமாக அது படவில்லை.

"அப்போ புகார்ல என்ன எழுதட்டும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"புகார் இல்லை. அச்சு காயலை, நானே ஊத்தினேன், வெடிச்சுதுன்னு எழுதுங்க. யாருக்கும் சம்பந்தமில்லை. இடக்கை ரேகை வாங்கிக்குங்க."

இன்ஸ்பெக்டர் எழுதினார். மை தடவிய கட்டைவிரல் காகிதத்தில் அழுந்தி எழுந்தது. அவர் போனதும் அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வாசலுக்குப் போய், நிமிராமலே, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றாள். அவளால் அன்றைக்குச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். டிரைவருக்கு அது போதுமானதாக இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார்.

இரண்டு சகலைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்க்க ஒரே போர்வையைப் பார்த்தார்கள்.

"கோப்பையை எல்லாம் உள்ள எடுத்து வைக்கச் சொல்றேன் சகலை" என்றார் டிரைவர்.

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும்." பிறகு, போர்வையிலிருந்து பார்வையை எடுக்காமலே, "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மீன் எங்க இருக்குன்னு உனக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே. என் பஸ்ஸு ஏரிக்கரை ரோட்டுலதானே போகுது, தினமும் போறேன் வர்றேன். அந்த உயரத்துலேர்ந்து பார்த்தா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். நிழல் எந்தப் பக்கம் நகருது, கொக்கு எங்க இறங்குது, எல்லாம் தெரியும். குண்டுல ஒண்ணுமே இல்லை. கல்லைக் கட்டிப் போட்டாலும் கடிக்கும்."

"தினமுமா?"

"மழை வந்தாலும் வெயிலடிச்சாலும். சம்பளம் வேற குடுக்கறாங்க."

டயர் கடைக்காரர் அந்த ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். உயரமான இருக்கையில் உட்கார்ந்து ஏரியின் கரையோரமாகவே போய்க்கொண்டிருப்பதை அவர் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அது வெகுதூரம் ஓடிற்று.

"குடுத்து வச்சவன்டா நீ" என்றார்.